2025-இன் திரையும் ஒரு குடும்பக் கணக்கும்

ஆண்டு முடியும் வாரத்தில் சிறந்த படங்கள், மோசமான படங்கள் என்று பட்டியலிடுவது திரை விமர்சகர்களின் வேலை. நான் விமர்சகன் அல்லன். முப்பத்து நான்கு ஆண்டுகள் கோவையில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்றவன். ஓய்வூதியத்தோடு எனக்குக் கிடைத்த ஒரே ஆடம்பரம், வேலைநாள் காலைக்காட்சிக்குச் செல்லும் சுதந்திரம். பார்த்த படம், சீட்டின் விலை, இடையில் எத்தனை முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது பழைய ஆசிரியப் பழக்கம். இவ்வாண்டு அந்தக் குறிப்பேட்டில் 31 படங்கள் ஏறியிருக்கின்றன. ஆண்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்படங்கள் வெளியாகும் நிலையில் இது சிறு மாதிரிதான். அதையும் நானே விரும்பித் தேர்ந்தெடுத்தேன். புள்ளியியல் மாணவர்கள் மன்னிக்கவேண்டும்.

மதிப்பிடுவதற்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. திரையில் நடமாடும் மனிதர்களின் அடுத்த மாதச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று படத்தை எடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறதா? 2025-இல் எனக்குப் பிடித்த படங்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இது தெரிந்திருந்தது. பிடிக்காதவற்றுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ளும் தேவை இருக்கவில்லை.

முதல் இடம் ‘குடும்பஸ்தன்’. கோயம்புத்தூர்க்காரன் என்பதால் கொடுத்த சலுகை இது என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். ஓரளவு உண்மைதான். திரைத்துறைக்குக் கொங்கு நாடு புதியதன்று. ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்றார். 1914-இல் இங்கே வெரைட்டி ஹால் அரங்கைக் கட்டினார். அந்தப் பெயர் இன்றும் ஒரு சாலைக்கு இருக்கிறது. சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இந்த ஊரில் இயங்கின. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற ‘மலைக்கள்ளன்’ பட்சிராஜாவின் தயாரிப்பு. பிறகு தொழில் முழுக்கச் சென்னைக்குப் போயிற்று. எங்கள் பேச்சு மட்டும் திரையில் தங்கியது, பெரும்பாலும் சிரிப்புக்காக. ‘ஏனுங்க’ என்று ஒரு பாத்திரம் வாயெடுத்தாலே அரங்கு சிரிக்கத் தயாராகிவிடும்.

‘குடும்பஸ்தன்’ படத்திலும் அரங்கு சிரிக்கிறது. பேச்சைக் கேட்டு அன்று, கணக்கைக் கேட்டு. ராஜேஷ்வர் காளிசாமி இயக்கிய இப்படம், கோவையிலிருந்து இயங்கும் ‘நக்கலைட்ஸ்’ யூடியூப் குழுவினரின் உழைப்பில் உருவாகி ஜனவரி 24 அன்று வெளிவந்தது. மணிகண்டன் ஏற்றிருக்கும் நவீன் என்ற இளைஞன் காதலித்து மணந்தவன். வேலையை இழக்கிறான், அதை வீட்டில் மறைக்கிறான். தந்தைக்கு ஒரு செலவு, தாய்க்கு ஒரு செலவு, மனைவியின் படிப்புக்கு ஒரு செலவு. எதையும் இல்லை என்று சொல்லமுடியாதவன் கைப்பேசிச் செயலியில் கடன் வாங்கி, அதை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறான். குரு சோமசுந்தரம் ஏற்றிருக்கும் சகோதரியின் கணவர், பணம் இருப்பதாலேயே எல்லாருக்கும் அறிவுரை சொல்லும் உரிமை பெற்றவர். அவரை எங்கள் பக்கத்துத் திருமண மண்டபங்களில் முன்வரிசையில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பாடநூல்களில் ‘மறைமுக வேலையின்மை’ என்று ஒரு கருத்து உண்டு. நான்கு பேர் செய்யக்கூடிய வயல் வேலையை ஆறு பேர் செய்தால், இருவர் உழைப்பதுபோலத் தோன்றினாலும் விளைச்சலில் அவர்களின் பங்கு பூச்சியம். இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் கற்பித்திருக்கிறேன். ‘மறைக்கப்பட்ட வேலையின்மை’ என்று ஒன்று இருப்பதை நான் கற்பித்ததில்லை. அது பாடத்திட்டத்தில் இல்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில் இந்தப் படத்துக்குக் குடும்பமாகச் சென்றோம். என் தம்பி மகனும் வந்திருந்தான். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏழு ஆண்டுகளாகப் பணி. திருமணமாகி ஒரு பெண் குழந்தை. படம் முழுக்க எங்கள் எல்லாரையும்விட உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் மற்றவர்கள் முன்னே போக, வண்டி நிறுத்துமிடத்தில் என் பக்கத்தில் நின்று, “பெரியப்பா, எனக்கு அக்டோபர்லயே வேலை போயிருச்சுங்க” என்றான். நான்கு மாதங்கள். தினமும் காலை எட்டரைக்கு மடிக்கணினிப் பையோடு கிளம்பி, ஒரு நூலகத்திலும் இரண்டு பேக்கரிகளிலும் பகலைக் கழித்து, மாலையில் களைப்போடு திரும்பியிருக்கிறான். களைப்பு மட்டும் உண்மை. வீட்டுக் கடன் தவணையை மூன்று செயலிகளில் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறான். வட்டியைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகள் வட்டி விகிதக் கோட்பாடுகளைக் கற்பித்தவனுக்குக் கை நடுங்கியது. ஒரு படம் நல்ல படமா என்பதற்கு இதைவிட வேறு சான்று என்னிடம் இல்லை. அவன் என்னிடம் சொல்ல நான்கு மாதங்களாகத் தேடிய சொற்களை இரண்டரை மணிநேரச் சிரிப்பு எடுத்துக் கொடுத்தது.

குறையும் உண்டு. கடன் என்னும் பாம்பின் வாயிலிருந்து நாயகனைப் படம் சற்று எளிதாகவே மீட்டுவிடுகிறது. எங்கள் வீட்டில் அது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை.

‘3 பிஎச்கே’ இதே கணக்கை நீண்ட காலத்துக்கு நீட்டிப் பார்க்கும் படம். அரவிந்த் சச்சிதானந்தத்தின் சிறுகதையை அடிப்படையாகக் கொண்டு ஸ்ரீகணேஷ் இயக்கியது. சரத்குமாரும் தேவயானியும் பெற்றோர். சித்தார்த்தும் மீதா ரகுநாத்தும் பிள்ளைகள். சொந்த வீடு வாங்கக் குடும்பமே சேமிக்கிறது. சேமிப்பு இலக்கைத் தொடும் நேரத்தில் மகனின் பொறியியல் இடத்துக்குப் பணம் வேண்டியிருக்கிறது. மறுபடி சேர்த்தால் தந்தையின் உடல்நலம், அதன்பின் மகளின் திருமணம். இதற்கிடையில் வீட்டின் விலை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஊதியம் ஏறுவதைவிட வேகமாகச் சொத்தின் விலை ஏறும்போது சேமிப்பவன் ஓடும் பட்டையின் மேல் நடப்பவனாகிறான் என்பதை ஒரு பருவம் முழுக்க நடத்திப் புரியவைக்க முயன்றிருக்கிறேன். இந்தப் படம் ஒரு நாட்குறிப்பேட்டின் கூட்டல் கழித்தலில் புரியவைத்துவிட்டது. பின்னணி இசை ‘இப்போது அழுங்கள்’ என்று அடிக்கடி முதுகில் தட்டுவதை மட்டும் தவிர்த்திருக்கலாம்.

படிப்புக்குக் கொட்டிய பணம் வீண்போனதைக் காட்டும் அந்தப் பகுதி, தெருவுக்கொரு பொறியியல் கல்லூரி இருக்கும் எங்கள் வட்டாரத்தில் இன்னும் கூர்மையாகப் பாய்ந்தது. என் பக்கத்து இருக்கைக்காரர் இடைவேளைவரை பேசிக்கொண்டே இருந்தவர், அதன்பின் பேசவே இல்லை.

அதே நாளில், ஜூலை 4 அன்று, ராமின் ‘பறந்து போ’ படமும் வந்தது. கடனுக்கும் தவணைக்கும் ஓடும் பெற்றோர், அடுக்ககத்தில் பூட்டப்பட்ட பிள்ளை, ஒருநாள் தந்தையும் மகனும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வண்டியில் கிளம்புவது. இவ்வளவுதான் கதை. பெற்றோரின் உழைப்பு நேரத்தை விலைக்கு விற்றால் பிள்ளைக்கு மிஞ்சும் நேரம் எவ்வளவு என்ற கேள்வியை இப்படிப் பாட்டும் சிரிப்புமாகக் கேட்கமுடியும் என்று நான் எண்ணியதில்லை. ராமின் முந்தைய படங்களின் இறுக்கத்துக்குப் பழகியவர்கள் வியப்படைவார்கள்.

ஆண்டின் வியப்பு ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. இருபதுகளின் நடுவில் இருக்கும் அபிஷன் ஜீவிந்தின் முதல் படம். மே 1 அன்று சூர்யாவின் ‘ரெட்ரோ’வோடு மோதி, வாய்மொழிப் பரிந்துரையாலேயே நின்று ஓடியது. பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து படகேறி வந்து, சென்னையில் ஒரு தெருவில் தம் அடையாளத்தை மறைத்து வாழும் தமிழ்க் குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் அத்தனை இயல்பு. படம் தொடங்கும் புள்ளி கற்பனையன்று. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அந்நியச் செலாவணி தீர்ந்து எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டை ஒட்டி நின்றது. அந்த மாதங்களில் படகில் தனுஷ்கோடிக் கரையை அடைந்த குடும்பங்களைப் பற்றி நாம் நாளிதழ்களில் வாசித்தோம்.

இந்தப் படத்தை நான் விரும்பினேன். எனினும் ஒரு நெருடல் விலகவில்லை. கோவையிலிருந்து சிறுவாணி செல்லும் வழியில் பூலுவப்பட்டியிலும், ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் பல்லாண்டுகளாக இருக்கின்றன. 2021-இல் அவற்றின் பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது, நல்ல மாற்றம். அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, பட்டம் பெற்றும் குடியுரிமை இல்லாத இளைஞர்கள் என் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். வேலைவாய்ப்புப் பற்றிப் பாடம் நடத்தும் நாள்களில் அவர்கள் முகத்தை நான் பார்க்கமாட்டேன். படத்தில் ஒரு தெருவே அன்பால் அந்தக் குடும்பத்தை ஏற்றுக்கொள்கிறது. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இடம்பெறாத மக்களுக்குத் தெருவின் அன்பு எந்த அலுவலகத்திலும் செல்லுபடியாகாது. திரைப்படம் இதையெல்லாம் சொல்லியாகவேண்டும் என்று கேட்பது நியாயமா என்பது வேறு வினா.

‘டிராகன்’ பற்றி ஆசிரியனாக ஒரு சொல். 48 பாடங்களில் தேறாமல், போலிச் சான்றிதழில் வேலைக்குப் போன இளைஞன், மறுபடி கல்லூரிக்கு வந்து தேர்வெழுதும் கதை. தேர்வுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் 48 என்ற எண் என்னைத் திடுக்கிடச் செய்யவில்லை. அவன் பெற்ற வேலையால் இன்னொருவன் வேலை இழந்தான் என்பதைப் படம் நினைவில் வைத்திருக்கிறது. வணிகப் படத்தில் இந்த அளவு நாணயம் போதும். மாரி செல்வராஜின் ‘பைசன்’ வலுவான படம், சற்றே நீளம். அதைப் பற்றி என்னைவிடத் தகுதியானவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள்.

இனி மறுபக்கம். ஆண்டின் பெரும் ஏமாற்றம் ‘தக் லைஃப்’. ‘நாயகன்’ வெளிவந்த 1987-இல் நான் இளம் விரிவுரையாளன். மணிரத்னமும் கமல்ஹாசனும் 38 ஆண்டுகளுக்குப் பின் சேர்கிறார்கள் என்றதும் முதல் நாளே சீட்டு எடுத்தேன். ‘நாயகன்’ படத்தில் கடத்தலுக்கு ஒரு பொருளாதாரம் இருந்தது. குடிசைப்பகுதிக்கு அது என்ன தந்தது, என்ன பறித்தது என்பது தெரிந்தது. இதில் பெரிய கும்பல், பெரிய வீடுகள், இமயம்வரை பயணம். வருவாய் எங்கிருந்து என்ற வினாவே எழவில்லை. திரிஷா எதற்காக வருகிறார் என்று தெரியவில்லை. ஊரே முணுமுணுத்த ‘முத்த மழை’ பாடல் படத்தில் இல்லை. கர்நாடகத்தில் மொழி பற்றிய ஒரு பேச்சைக் காரணம் காட்டி இப்படத்தைத் தடுத்தது தவறு. கும்பலின் மிரட்டலுக்குச் சட்டம் பணியக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது மிகச் சரி. மோசமான படத்துக்கும் வெளியாகும் உரிமை உண்டு.

அதன் வரலாற்றில் இன்னொரு செய்தி என் துறையைச் சேர்ந்தது. எட்டு வாரங்களுக்குப் பிறகே இணையத் திரைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்ட படம், ஜூன் 5 அன்று வெளியாகி ஜூலை 3 அன்றே நெட்ஃபிளிக்ஸில் வந்துவிட்டது. நான்கு வாரங்கள். இங்கே சற்று நின்று விளக்கவேண்டும்.

நட்சத்திரப் படம் ஒன்று வெளியாகும் முன்பே அதன் இணைய உரிமை, தொலைக்காட்சி உரிமை, இசை உரிமை, வெளிநாட்டு உரிமை எல்லாம் விற்கப்படுகின்றன. வாங்குபவர் கதைக்கு விலை கொடுப்பதில்லை. அப்போது கதை திரையில் உருப்பெற்றிருக்காது. நடிகரின் பெயருக்கு விலை கொடுக்கிறார். அந்தத் தொகையின் கணிசமான பகுதி அதே நடிகரின் ஊதியமாகப் போகிறது. இழப்பின் பெரும்பகுதி, படத்தைப் பற்றிய எந்த முடிவிலும் பங்கில்லாத திரையரங்கு உரிமையாளர் மீதும் முதல்நாள் பார்வையாளர் மீதும் விழுகிறது. முடிவெடுப்பவர் ஒருவர், இழப்பைச் சுமப்பவர் இன்னொருவர் என்றால் கவனம் தளரும். காப்பீடு செய்த வண்டியைக் கொஞ்சம் அசட்டையாக ஓட்டுவதைப் போல. சிறு படத்துக்கு இந்த முன்விற்பனை இல்லை, அல்லது சொற்பம். இரண்டாவது வாரத்தில் அரங்கில் ஆள் வந்தால்தான் பிழைப்பு. ஆகவே எழுத்தில் உழைக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போதே என் மாணவர்கள் கை தூக்குவார்கள். சிறு படங்களில் பெரும்பாலானவை வந்த சுவடு தெரியாமல் போகின்றன. நாம் எஞ்சியவற்றை மட்டும் எண்ணிச் சிறு படங்களே சிறந்தவை என்கிறோம். உண்மை. என் குறிப்பேட்டில் பெயர் மட்டும் எழுதி, விமர்சனம் எழுத மனம் வராத சிறு படங்கள் ஒன்பது இருக்கின்றன.

‘கூலி’ படத்தின் தலைப்பே என்னை இழுத்தது. ரஜினிகாந்த் திரைக்கு வந்து ஐம்பதாண்டுகள் நிறைவடையும் வேளை, துறைமுகம், கூலித் தொழிலாளி. கைக்கடிகாரக் கடத்தலும் பிணங்களை நொடியில் எரிக்கும் மின்நாற்காலியும் நிறைந்த படத்தில், கூலி என்ற சொல் கையில் கட்டிய ஓர் எண்வில்லையாகச் சுருங்கிவிட்டது. துறைமுகத்தில் ஒரு மூட்டைக்கு என்ன கூலி என்று யாரும் கேட்கவில்லை. ‘ஏ’ சான்றிதழை எதிர்த்துத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்று தோற்றது. என் பேரன் அரங்குக்குள் போகமுடியாமல் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அஜித்தின் ‘குட் பேட் அக்லி’ இன்னொரு வகை. பழைய படங்களின் வசனம், பழைய பாடல், பழைய முகபாவம். முன்னோர் சேர்த்த வைப்புத்தொகையின் வட்டியில் வாழும் குடும்பத்தைப்போல ஒரு படம். இளையராஜாவின் பாடல்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக அவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, படம் நெட்ஃபிளிக்ஸிலிருந்து இறக்கப்பட்டது. கடன் வாங்கிய நினைவுக்கும் உரிமையாளர் உண்டு.

தனுஷின் ‘இட்லி கடை’யை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. கண்ணுக்கு இதமான படம். ஆனால் கைப்பக்குவமே புனிதம், தொழிலைப் பெருக்குவது பேராசை என்ற தொனி அதில் ஓடுகிறது. மாவரைக்கும் இயந்திரத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரில் இருந்துகொண்டு இதை என்னால் ஏற்கமுடியவில்லை. என் அம்மா ஆட்டுக்கல்லில் அரைத்த மாவின் சுவை நினைவிருக்கிறது. அவருடைய வலது தோள்பட்டை வலியும் நினைவிருக்கிறது. கிரைண்டர் வீட்டுக்கு வந்த நாளில் அவர் அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டார்.

சின்னத்திரையில் ஒன்றே ஒன்றைச் சொல்வேன்: நெட்ஃபிளிக்ஸின் பிரிட்டிஷ் தொடர் ‘அடலசன்ஸ்’. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் வெட்டில்லாமல் ஒரே மூச்சில் படமாக்கப்பட்டது. உடன் படித்த சிறுமியைக் கொன்றதாகக் கைதாகும் 13 வயதுச் சிறுவன். அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் இலவசமாகத் திரையிட அந்நாட்டுப் பிரதமரே ஆதரவளித்தார். மூடிய அறையில் கைப்பேசியோடு இருக்கும் பிள்ளையைப் ‘பத்திரமாக வீட்டில்தானே இருக்கிறான்’ என்று எண்ணும் எல்லாப் பெற்றோரும் பார்க்கவேண்டியது. என் மகள் பார்த்துவிட்டு அன்றிரவு பேரனின் அறைக்கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள். “அப்புச்சி, இதெல்லாம் உங்க வேலைதானே?” என்றான் அவன்.

கடைசியாக, டிசம்பரில் வந்த ‘அங்கம்மாள்’. எங்கள் மண்ணின் எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘கோடித்துணி’ சிறுகதையை விபின் ராதாகிருஷ்ணன் படமாக்கியிருக்கிறார். ரவிக்கை அணியாமலே வாழ்ந்து பழகிய தாய். படித்து மருத்துவரான மகன், பெண்வீட்டார் வரும்போது அவள் ரவிக்கை அணியவேண்டும் என்கிறான். கதை தென்மாவட்டக் கிராமத்துக்கு இடம் மாறியதால் கொங்குப் பேச்சு போய்விட்டது. எனக்கு அது ஓர் இழப்பு. அதை மறக்கச்செய்தவர் கீதா கைலாசம். ஒரு குடும்பம் மேலே ஏறும்போது அதன் விலையை யார் உடம்பில் சுமக்கிறார்கள் என்பதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன படம் இவ்வாண்டு வேறில்லை. என் அப்பத்தாவும் ரவிக்கை அணிந்ததில்லை. எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தபோது எடுத்த குடும்பப் படத்தில் அவர் இல்லை. ஏன் இல்லை என்று அரங்கின் இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்தக் காட்சிக்கு என்னோடு பதினொரு பேர் இருந்தார்கள்.

செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரையிலான சீட்டுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது; அதற்கு மேற்பட்ட சீட்டுக்கு 18 விழுக்காடு அப்படியே நீடிக்கிறது. கோவையின் வணிக வளாக அரங்குகளுக்குச் செல்வோருக்கு இதனால் பயனில்லை; தாராபுரம், கோபி போன்ற ஊர்களில் பழைய அரங்குகள் இன்னும் சில ஆண்டுகள் மூச்சுவிட இது உதவலாம்.

கிறிஸ்துமஸ் அன்று வெளியான ‘சிறை’யை இன்னும் பார்க்கவில்லை. ஞாயிறு காலைக்காட்சிக்குத் தம்பி மகன் இரண்டு சீட்டு எடுத்திருக்கிறான். ஆகஸ்டில் சேர்ந்த புதிய வேலையில் ஊதியம் முன்பைவிடக் குறைவு. இரண்டு செயலிகளின் கடன் முடிந்துவிட்டது, மூன்றாவது மார்ச்சில் முடியும். என் பங்குச் சீட்டுப் பணத்தை அவன் வாங்க மறுத்துவிட்டான்.